கழுத்து இறுக்கம்: ரைஃபிள் ரவையில நெக் டென்ஷனை ஒரே சீரா வைக்கிறது எப்பிடி

மெல்பேர்ணில இருக்கிற என்ர மருமகன் போன கிழமை வாட்ஸ்அப்பில ரெண்டு டார்கெட் படம் அனுப்பினவன். முதலாவது 100 மீட்டர், அஞ்சு ஓட்டையும் ஒரு காசுக்குத்திக்குள்ள அடங்குது. ரெண்டாவது 800 மீட்டர், பக்கவாட்டில நல்ல ஒடுக்கம், ஆனா மேலயும் கீழயும் நட்டு வச்ச தடி மாதிரி நீண்டு போய்க் கிடக்கு. "மாமா, அண்டைக்குக் காத்தே இல்ல, பவுடரும் ஒவ்வொண்டா நிறுத்துத்தான் போட்டனான், என்ன பிழை?" எண்டு கேட்டான். ரவைக் கோதின்ர கழுத்தைச் சன்னத்தை விட எத்தினை தௌ (அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு) சின்னனா விட்டனீ எண்டு கேட்டன், மூண்டு எண்டான். எல்லாக் கேஸிலயும் மூண்டா எண்டு கேட்டன், கொஞ்ச நேரம் பதில் வரேல்ல. அதுதான், சுட்ட கேஸைத் திரும்ப நிரப்பித் தாங்களே ரவை செய்யிறவைக்கு, கழுத்து சன்னத்தைப் பிடிக்கிற பிடியை எப்பிடி ஒரே சீரா வைக்கிறது எண்டு இதை எழுதுறன்.

நான் அங்க இருபது வருஷத்துக்கு மேல லேத் வேலை செஞ்சு, ஞாயிற்றுக்கிழமையில ரேஞ்சுக்குப் போய், .308 வின்செஸ்டர் ரவையில F/TR (ரைஃபிளை ரெண்டு கால் தாங்கியில வச்சுத் தூரத்துக்குச் சுடுற போட்டி) சுட்டுப் பழகினனான். இப்ப திருகோணமலைக்கே வந்திட்டன், ரவை செய்யிற பிரெஸ், டை (கேஸை அளவுக்கு நெரிக்கிற அச்சு), தராசு எல்லாத்தையும் மருமகனிட்டக் குடுத்திட்டுத்தான் வந்தனான். இஞ்ச இதைச் செய்யேலாது, செய்யவும் கூடாது, 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இருக்கு, வீட்டில பிரைமரும் (பவுடரைப் பத்த வைக்கிற சின்ன வெடிமூடி) பவுடரும் வச்சிருக்கிறது விளையாட்டுக் காரியம் இல்ல. அவுஸ்திரேலியா, கனடா, சுவிஸ் எண்டு லைசன்ஸோட ரேஞ்சில சுடுற எங்கட பிள்ளையளுக்குத்தான் இது. பவுடர் அளவு ஒண்டும் நான் சொல்ல மாட்டன், அது பவுடர்க் கம்பனி, சன்னக் கம்பனி போடுற புத்தகத்தில இருந்து மட்டும்தான் எடுக்கோணும்.

சொல்லுகளை முதல்ல சரியாக்கிக் கொள்ளுவம். ரவை எண்டா முழுசு. சன்னம் எண்டா முன்னுக்கு இருக்கிற, பறந்து போற துண்டு. கேஸ் எண்டா பித்தளைக் கோது, அதின்ர வாய்ப்பக்கம் ஒடுங்கி நேரா நிக்கிற பகுதிதான் கழுத்து. தௌ எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு, மில்லிமீட்டரில 0.0254. நெக் டென்ஷன் ரெண்டு தௌ எண்டு ஒருத்தர் சொன்னா, கழுத்தின்ர உள்விட்டம் சன்னத்தை விட ரெண்டு தௌ சின்னன் எண்டு அர்த்தம், .308 சன்னத்துக்கு 0.306.

இது ஏன் 100 மீட்டரில தெரியாம 800இல தெரியுது? பிரைமர் வெடிச்சுப் பவுடர் பத்தத் தொடங்கின உடன, அமுக்கம் ஏறிக் கழுத்து விரிஞ்சு சன்னத்தை விடுது. ஒரு கேஸ் இறுக்கிப் பிடிச்சு மற்றது லேசாப் பிடிச்சா, பவுடர் பத்துற தொடக்கமே ரெண்டிலயும் வேற வேற, அதால வேகமும் வேற. நொடிக்கு 2600 அடி வேகத்தில போற .308 சன்னத்தில 30 அடி வித்தியாசம் வந்தா 100 யாரில (கஜத்தில) அது அங்குலத்தில பத்தில ஒரு பங்கு கூட இல்ல, ஆனா 1000 யாரில சுமார் 10 அங்குலம் ஏறி இறங்கும். அமெரிக்க F கிளாஸ் டார்கெட்டில 1000 யாருக்குப் பத்துப் புள்ளி வளையத்தின்ர முழு அகலமே 10 அங்குலம்தான். அதால 100 மீட்டரில வடிவா விழுகுது எண்டதை வச்சுக் கழுத்து சரி எண்டு முடிவெடுக்காதேங்கோ.

இப்ப முக்கியமான விஷயம். அந்தத் தௌ எண்ட இலக்கம் இறுக்கம் இல்ல. அது இடைவெளி அளவு மட்டும். இதை நான் புத்தகத்தில படிக்கேல்ல, சின்னனில பெரியப்பாவின்ர லேத் கடையில பாத்தனான். மீன்பிடி போட் எஞ்சினுக்குக் கன்மெட்டல் புஷ் (வளையத் துண்டு) கடைஞ்சு அடிக்கிறது அவருக்கு நாளாந்த வேலை. ஒரே அளவில கடைஞ்ச ரெண்டு புஷ், ஒண்டு தடிப்பு, ஒண்டு மெல்லிசு, ஒண்டுக்குக் கிரீஸ் பூசினது, ஒண்டுக்குப் பூசாதது, ஒண்டு சுத்தியலில ரெண்டு தட்டுக்குப் போகும், மற்றதுக்குப் பிரெஸ் வேணும். அளவு ஒண்டுதான், பிடி வேற. கழுத்திலயும் அதேதான்: உலோகத்தின்ர தடிப்பு, அதின்ர கடினம், உள்ளுக்குள்ள வழுக்கலா சொரசொரப்பா, சன்னம் எவ்வளவு நீளத்துக்கு உள்ளுக்குள்ள இருக்கு, இவ்வளவும் சேந்துதான் பிடி.

இன்னொண்டு, பித்தளைக்கு மீள்ற தன்மை ஒரு அளவுக்குத்தான் இருக்கு. .308 கழுத்தில அது சுமார் ஒரு தௌ, கொஞ்சம் கூடக் குறைய. அதுக்கு மேல சின்னனாக்கினா சன்னமே உள்ள போகேக்க கழுத்தை நிரந்தரமா விரிச்சுப் போடும். நானே ரெண்டு தௌ விட்ட அஞ்சும் நாலு தௌ விட்ட அஞ்சும் சன்னம் இருத்தி, பிறகு சன்னம் கழட்டுற புல்லரால கழட்டிக் கழுத்தை அளந்து பாத்தனான், ரெண்டு கூட்டமும் சன்னத்தை விட ஒரு தௌ அளவு சின்னனில வந்து நிண்டுது. நாலு விட்டதால ரெண்டு மடங்கு பிடி கிடைக்கேல்ல, சன்னத்தைத் தள்ளுற பாரம்தான் கூடினது, ரெண்டு மூண்டு சன்னம் கோணலாவும் இருந்திது. அதால இறுக்கம் காணாது எண்டு நினைச்சுக் கழுத்தை இன்னும் இன்னும் சின்னனாக்கிறதில பிரயோசனம் இல்ல.

சரி, வேலைக்கு வருவம். முதல் அளவு. வேர்னியர் கழுத்து உள்விட்டத்துக்குக் காணாது, அதின்ர தாடை தட்டையா இருக்கிறதால வளைவுக்குள்ள பிழையாத்தான் காட்டும். வெளிவிட்டத்துக்கு மைக்ரோமீட்டர், உள்விட்டத்துக்குப் பின் கேஜ், அதாவது அச்சொட்டான அளவில கடைஞ்ச உருக்குக் கம்பி. 0.305, 0.3055, 0.306, 0.3065 எண்டு நாலு பின் வாங்கினாக் காணும், முழு செட் தேவையில்ல. கேஸை நிமித்திப் பிடிச்சுப் பின்னை வாயில வச்சு விடு, தன்ர பாரத்தில மெதுவா இறங்கினா அதுதான் அளவு, விழுந்தா பெரிசு, நிண்டா சின்னன். சும்மா பொடியன் விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா அம்பது கேஸுக்கு அஞ்சு நிமிஷம், இதைப் போல உண்மை சொல்லுற சாமான் வேற இல்ல.

புஷ் டை (உள்ளுக்க மாத்தக்கூடிய வளையம் வச்சுக் கழுத்தை வெளியால நெரிக்கிற டை) பாவிக்கிறவை புஷ் அளவை இப்பிடி எடுங்கோ: உங்கட கேஸில உங்கட சன்னத்தை இருத்தி ஒரு டம்மி ரவை செய்யுங்கோ, பவுடரும் பிரைமரும் இல்லாம. கழுத்தின்ர வெளிவிட்டத்தை அளவுங்கோ. சுவர் 0.015 எண்டா ரெண்டு பக்கமும் சேத்து 0.030, சன்னம் 0.308, மொத்தம் 0.338 வரும். பித்தளை புஷ்ஷை விட்டு வெளிய வந்த உடன அரைத் தௌ அளவு திரும்ப விரியும், அதால ரெண்டு தௌ வேணும் எண்டா 0.336 இல்ல, 0.335 புஷ் எடுக்கிறதுதான் சரி. சுட்ட கேஸின்ர கழுத்து நல்லா விரிஞ்சிருந்தா ஒரே இழுவையில அஞ்சு தௌவுக்கு மேல இறக்காதேங்கோ, ரெண்டு புஷ் மாத்தி ரெண்டு தரமா இறக்குங்கோ, இல்லாட்டிக் கழுத்து கோணும்.

புஷ்ஷில ஒரு குறை இருக்கு. அது வெளியில இருந்து அமத்துறதால, சுவரில ஒரு பக்கம் தடிப்பு ஒரு பக்கம் மெல்லிசா இருந்தா அந்த ஏற்றத்தாழ்வு எல்லாம் உள்ளுக்கு வந்திடும், சன்னம் தொடுறதோ உள்பக்கம். அதுக்குத்தான் மான்ட்ரல், கழுத்துக்குள்ளால விட்டு விரிக்கிற உருக்குத் தடி. 0.306 மான்ட்ரலை உள்ளால விட்டு எடுத்தா ஏற்றத்தாழ்வு வெளிய போயிடும், உள் வட்டம் ஒரே சீரா நிக்கும். இதிலயும் திரும்புற குணம் இருக்கு, ஆனா மற்றப் பக்கம், 0.306 விட்டா 0.3055இல வந்து நிக்கும். என்ர முறை இதுதான்: முதல்ல புஷ்ஷால தேவையை விட ஒரு தௌ கூட இறக்கிப் போட்டு மான்ட்ரலால திருப்பி விரிக்கிறது. கடைசி வேலையை மான்ட்ரல் செய்யோணும். லீ கொலெட் டை வச்சிருக்கிறவைக்கு இது ரெண்டும் ஒரே அசைவில நடக்குது, அது மான்ட்ரலைச் சுத்திக் கழுத்தை நெரிக்குது, எண்ணெயும் தேவையில்ல, விலையும் மலிவு, தொடக்கத்துக்கு நான் அதைத்தான் சொல்லுவன். சாதாரண டையில தடியோட வாற, கழுத்தை உள்ளால விரிக்கிற உருண்டையை, உள்ளுக்கு வழுக்கல் எண்ணெய் போடாம வறட்டி இழுத்தா, கழுத்து நீளும், வளையும், அது ஒவ்வொரு கேஸிலயும் ஒவ்வொரு மாதிரி.

கேஸ் நீளத்தை ஒரே அளவில வெட்டி, வாயின்ர உள்விளிம்பைச் சாம்ஃபர் போட்டு, அதாவது கூர் விளிம்பைச் சீவி, சரிச்சு விடுங்கோ. சன்னத்தின்ர செப்பு உறை சுரண்டுப்படுதோ எண்டு இருத்தின பிறகு கழுத்தடியில பாருங்கோ, மினுக்கமா ஒரு நூல் மாதிரி நிண்டா சாம்ஃபர் காணாது.

அடுத்தது அனீலிங், பித்தளையைச் சூடாக்கி இளக்கிறது, இதில கொஞ்சம் நிக்கோணும். கேஸ் பித்தளை 70 வீதம் செம்பு, 30 வீதம் நாகம். ஒவ்வொரு தரமும் சுட்டு விரிஞ்சு டையில சுருங்க அது கடினப்படும், கடினப்பட்டா மீள்ற குணம் கூடும், அப்ப அதே புஷ், அதே மான்ட்ரல், ஆனா வாற அளவு வேற. மூண்டு தரம் சுட்டதும் ஏழு தரம் சுட்டதும் ஒரே பெட்டிக்குள்ள கலந்து கிடந்தா நீங்கள் என்ன டை வாங்கினாலும் டென்ஷன் ஒண்டாகாது. மருமகன்ர பிழையும் இதுதான் எண்டு பிறகு தெரிஞ்சுது. கழுத்தைச் சூடாக்கி இளக்கினா எல்லாம் திரும்ப ஒரே இடத்துக்கு வரும். கேஸை ஒரு நீளச் சாக்கெட்டுக்க வச்சு ட்ரில்லில சுத்திக்கொண்டு, டோர்ச் நெருப்பைக் கழுத்தும் தோளும் (கழுத்துக்குக் கீழ சரிவா அகலுற பகுதி) சேருற இடத்தில காட்டி, அறையை மங்கலாக்கி வச்சு, மெல்லிய சிவப்பு தெரியத் தொடங்கின உடன எடுத்திடுங்கோ. சில செக்கன்தான். பளிச்செண்டு சிவந்தா கூடிப்போச்சு, அது ஈயத்தகடு மாதிரி இளகிடும், பிடியே இருக்காது. சூட்டில உருகிற அடையாள மை இருக்கு, 230 பாகை செல்சியஸ் மையைத் தோளுக்குக் கீழ உடம்பில பூசி விடுங்கோ, அது உருகினா சூடு கீழ இறங்குது எண்டு அர்த்தம். கேஸின்ர அடிப்பகுதி ஒருநாளும் இளகக் கூடாது, முழு அமுக்கத்தையும் தாங்குறது அதுதான், இளகினா வாயு பின்னால உங்கட முகத்துக்கு வரும். சந்தேகம் வந்த கேஸை நசுக்கி எறியுங்கோ. ஒவ்வொரு தரம் சுட்ட பிறகும் அனீல் பண்ணுறவை இருக்கினம், ரெண்டுக்கொருக்காச் செய்யிறவையும் இருக்கினம், எதுவெண்டாலும் முழுப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில செய்யுங்கோ.

கழுத்தைச் சூடாக்கிற இந்த வேலைக்கு ஒரு பழைய கதை இருக்கு, எங்கட பக்கத்து நாட்டுக் கதை. பிரிட்டிஷ் காலத்தில இந்தியாவில மழைக்காலத்தில குதிரை லாயத்தில வச்ச பித்தளை ரவைக் கோதுகளில தானாவே கீறல் விழுந்து பிளந்துது. மழைக்காலம் வந்தா பிளக்குது எண்டதால அதுக்குப் பருவ வெடிப்பு எண்ட மாதிரிப் பேர் வந்திது. 1921இல மூர், பெக்கின்சேல், மாலின்சன் எண்ட மூண்டு பேர் காரணத்தை விளக்கிச்சினம்: குதிரை மூத்திரத்தில இருந்து வாற அமோனியாவும், உலோகத்துக்குள்ள அடைபட்டுக் கிடக்கிற இழுவையும் சேந்துதான். சூடாக்கி இளக்கினா அந்த இழுவை குறையும். அதால கேஸை மினுக்க, விளக்குத் தேய்க்கிற பித்தளைத் திரவம் எதையும் பாவிக்காதேங்கோ, அதுகளில பலதில அமோனியா இருக்கு.

மினுக்கிறதைப் பற்றி இன்னொண்டு சொல்லோணும், இது நான் பட்டுத் தெரிஞ்சது. அங்க இருக்கேக்க ஒருமுறை ஸ்டீல் கம்பித்துண்டும் தண்ணியும் போட்டுச் சுத்துற மெஷினில கேஸ் எல்லாத்தையும் கழுவினனான், உள்ளும் வெளியும் தங்கம் மாதிரி வந்திது, எனக்கு நல்ல சந்தோஷம். சன்னம் இருத்தி நாலு மாதம் பெட்டியில வச்சிருந்து ஒரு போட்டிக்குக் கொண்டு போனன். வேகம் அளக்கிற குரோனோகிராஃபில வேகம் முன்னையை விட ரெண்டு மடங்கு பரவிக் காட்டினது. மிச்சத்தைக் கழட்டப் போனா, சிலது லேசா வந்திது, சிலது "டிக்" எண்டு உடைஞ்ச சத்தத்தோட வந்திது. சுத்தமான பித்தளையும் சுத்தமான செப்பும் ஒண்டையொண்டு பிடிச்சு ஒட்டிக்கொண்டிட்டுது.

அண்டைக்கு எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவின்ர குத்துவிளக்கு. ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் அம்மா அதைக் கழட்டிப் புளி போட்டுத் தேய்ச்சுக் காயவச்சு அப்பிடியே பூட்டுவா. தேய்ச்சுப் பூட்டின அண்டைக்குத்தான் அந்தப் புரி ஒருத்தராலயும் கழட்டேலாம இறுகும், ரெண்டு பேர் பிடிச்சு முறுக்கோணும். எண்ணெய்ப் பிசுக்கோட வருஷம் முழுக்கக் கிடந்த விளக்கு ஒரு கையால கழண்டு வரும். இஞ்ச உப்புக் காத்து வேற. கேஸ் கழுத்திலயும் அந்த மெல்லிய பிசுக்கு வேணும். சுட்ட கேஸின்ர கழுத்துக்குள்ள இருக்கிற கரியை முழுசா எடுக்காதேங்கோ, நைலோன் பிரஷ்ஷால ரெண்டு தரம் இழுத்துச் சமப்படுத்தினாக் காணும். வோல்நட் கோது, சோளப்பொத்தி மாதிரி உலர்ந்த சாமானில சுத்துறது நல்லது, அது ஒரு மெல்லிய படலத்தை விட்டுட்டுப் போகும். ஏற்கெனவே தண்ணியில கழுவிட்டா, இருத்த முதல் கழுத்துக்குள்ள உலர் கிராஃபைட் தொட்டு விடுங்கோ, எல்லாத்துக்கும் ஒரே அளவில.

சன்னம் இருத்தேக்க கையைக் கவனியுங்கோ. பெரிய பிரெஸ்ஸின்ர நெம்பில ஒண்டும் தெரியாது, கையால நேரா அமத்துற ஆர்பர் பிரெஸ்ஸில வில்சன் கம்பனியின்ர மாதிரி நேர் டை வச்சு இருத்தினா ஒவ்வொண்டும் எப்பிடிப் போகுது எண்டு உள்ளங்கையில விளங்கும். அமுக்கம் காட்டுற முள்ளு வச்ச பிரெஸ்ஸும் இருக்கு, காசு இருந்தா எடுங்கோ, இல்லாட்டிக் கையே காணும். சிலது வெண்ணெய்க்குள்ள போற மாதிரிப் போகும், சிலது நடுவில தடக்கி விக்கும். தடக்கினதின்ர அடியில மார்க்கரால ஒரு புள்ளி வைச்சுப் புறம்பா வையுங்கோ. அதுகளை போட்டிக்குக் கொண்டு போகாம, குழல் சூடாக்கவும் சைட் சரிபாக்கவும் பாவிக்கலாம்.

எத்தினை தௌ நல்லது எண்டு கேட்டா, ஒண்டு ஒண்டாப் போட்டுச் சுடுற போல்ட் ரைஃபிளுக்கு ஒண்டில இருந்து ரெண்டு, மகசினில இருந்து ஏத்துறதுக்கு ரெண்டு, செமி ஓட்டோவுக்கு ரெண்டு மூண்டு, அதுக்குக் கீழ போகாதேங்கோ. லேசான கழுத்தில சன்னம் உள்ளுக்குத் தள்ளுப்பட்டா அமுக்கம் ஆபத்தா ஏறும். சோதனை லேசு: ரவை நீளத்தை அளந்து போட்டு, பவுடர் இல்லாத டம்மியில சன்ன நுனியை மேசை விளிம்பில பெருவிரல் பலத்தில அழுத்தி, திரும்ப அளந்து பாருங்கோ. அசைஞ்சா காணாது. ரைஃப்ளிங்கில (குழலுக்குள்ள இருக்கிற முறுக்குப் பள்ளம்) முட்டுற மாதிரி நீளமா இருத்துறவை இன்னும் கவனம், சுடாம வெளிய எடுக்கேக்க சன்னம் குழலிலயே நிண்டு பவுடர் கொட்டுப்படும். கழுத்தில எதை மாத்தினாலும் உச்ச அளவுப் பவுடரில நிண்டு மாத்தாதேங்கோ, குறைச்சுப் போட்டுத் திரும்பப் படிப்படியா ஏறுங்கோ.

சுட்டுப் பாக்கிறதில எல்லாரும் விடுற பிழை, அஞ்சு சூடு சுட்டுட்டு முடிவெடுக்கிறது. அஞ்சில வாற வேகப் பரவல் இண்டைக்கு நொடிக்கு 12 அடி, நாளைக்கு 35 அடி எண்டு காட்டும், ஒண்டுமே மாத்தாம. ஒவ்வொரு தௌ அளவுக்கும் இருபது சூடாவது சுட்டு, வேகத்தின்ர ஸ்டாண்டர்ட் டீவியேஷனை (சராசரியில இருந்து எவ்வளவு விலகுது எண்ட கணக்கு) பாருங்கோ, ஒரே நாளில, ஒண்டு விட்டு ஒண்டு மாத்தி மாத்திச் சுடுங்கோ, இல்லாட்டிக் குழல் சூடுதான் பதில் சொல்லும். பவுடரைப் பத்தில ஒரு கிரெயினுக்கு (கிரெயின் எண்டது ஒரு சின்ன நிறை அளவு) நிறுக்காதவன் கழுத்தைக் குற்றம் சொல்லேலாது, அந்த வகையில மருமகன் நல்ல கெட்டிக்காரன், அதை முதல்லயே செய்திருந்தவன்.

நேற்று ராத்திரி அவன் வீடியோ கோலில பின் கேஜ் விட்டுக் காட்டினவன். அவனுக்கு நடுச்சாமம் தாண்டி, எனக்கு எட்டரை மணி, வெளிய மழை. சைஸ் பண்ணி வச்ச 60 கேஸில 0.3055 பின் 41இல மெதுவா இறங்கிச்சு, 19இல வாயிலயே நிண்டுது. அந்த 19இன்ர அடியையும் கமராவுக்குக் கிட்டக் காட்டச் சொன்னன், எல்லாம் நான் அவனுக்குக் குடுத்த பழைய பெட்டி, ஏழெட்டுத் தரம் சுட்டது. 41ஐயும் சனிக்கிழமைக்கு லோட் பண்ணுறான். மற்ற 19ஐயும் எறியாத, ஒண்டா அனீல் பண்ணி மான்ட்ரல் விட்டு, பின் இறங்குதோ எண்டு பாத்து எனக்கு ஒரு மெசேஜ் போடு எண்டு சொல்லியிருக்கிறன்.